கடிதம் போச்சு, கவர் இருக்கு

எங்கள் அப்பத்தாவின் டிரங்குப் பெட்டியில் ஒரு காலிக் கவர் இருந்தது. சிலோன் தேயிலைத் தோட்டத்துக்குப் போன தாத்தாவின் தம்பி அனுப்பியது. உள்ளே கடிதம் கிடையாது. செல்லரித்துப் போனதோ, எவராவது சுருட்டுப் பற்றவைத்தார்களோ தெரியாது. கவர் மட்டும் மிஞ்சியது. மேலே ஹட்டன் என்று முத்திரை. வருஷம் பாதி அழிந்திருந்தது. "காயிதமே இல்லாத கவரை எதுக்கு அப்பத்தா பூட்டி வச்சிருக்க, தூக்கிப் போடு"ன்னு ஒருதடவை சொன்னேன். தமிழ் எம்.ஏ. படித்துக்கொண்டிருந்த திமிர். அப்பத்தா பதில் சொல்லவில்லை. பெட்டியைச் சாத்திப் பூட்டிச் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டது.

பல வருஷம் கழித்து நண்பர் ஒருவர் வீட்டில் அமெரிக்க ஏலக் கம்பெனி ஒன்றின் பட்டியலைப் புரட்டிப் பார்த்தேன். வழுவழுப்பான தாள், வண்ணப் படங்கள். பக்கத்துக்குப் பக்கம் கவர்கள். பழுப்பேறியவை, ஓரம் கிழிந்தவை, பெரும்பாலும் உள்ளே ஒன்றுமில்லாதவை. நூற்றைம்பது வருஷத்துக்கு முந்தைய மேற்கு அமெரிக்காவின் தபால் கவர்கள். ஒவ்வொன்றுக்கும் ஆயிரக்கணக்கில் டாலர் விலை. ஒரு சிலவற்றுக்கு லட்சத்தைத் தாண்டி. எனக்கு அப்பத்தாவின் பெட்டி ஞாபகத்துக்கு வந்தது. காலிக் கவரின் மதிப்பு அந்தக் கிழவிக்குத் தெரிந்திருக்கிறது. எனக்குத் தெரியவில்லை.

அமெரிக்கக் காலிக் கவருக்கும் நமக்கும் என்னய்யா சம்பந்தம் என்று கேட்கிற தோழர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும். கடிதத்தில் மனுசன் பொய் எழுதலாம். கவர் அவ்வளவு சுலபமாகப் பொய் சொல்லாது. யார் எழுதலாம், யார் சுமக்கலாம், எவன் நிலத்தின் வழியாகப் போகலாம், யார் வாசலில் போய்ச் சேரலாம் என்பதெல்லாம் அதன் மேலேயே குத்தப்பட்டிருக்கிறது. படிக்கத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

கவரைப் படிக்கிற வித்தை

தபால்தலையைக் கிழித்து நோட்டில் ஒட்டுகிற பள்ளிக்கூடப் பழக்கம் அல்ல இது. இவர்களுக்குக் கவர் முழுசாக வேண்டும். ஒட்டிய தலை, குத்திய முத்திரை, முகவரி, 'இன்ன வழியாக அனுப்பவும்' என்று அனுப்பியவர் மூலையில் எழுதிய குறிப்பு, வாங்கியவர் ஓரத்தில் கிறுக்கி வைத்த தேதி எல்லாம் சேர்ந்ததுதான் சரக்கு.

1845 வரை அமெரிக்காவில் தபால் கட்டணம் தாள் கணக்கில். உறை போட்டால் அதற்கும் ஒரு தாளின் கட்டணம். அதனால் கடிதத்தையே மடித்து அரக்கு வைத்து, வெளிப்பக்கத்தில் முகவரி எழுதி அனுப்பினார்கள். 1845இல் எடைக் கணக்கு வந்த பிறகுதான் உறை பரவியது. 1847 ஜூலை 1இல் நாடு முழுமைக்குமான முதல் தபால்தலைகள் வந்தன. 5 சென்ட் தலையில் பெஞ்சமின் பிராங்க்ளின், 10 சென்ட் தலையில் ஜார்ஜ் வாஷிங்டன். வாஷிங்டன் வீட்டில் அடிமைகள் வேலை செய்தார்கள் என்பதைத் தபால்தலை சொல்லாது. 1855 வரைக்கும் கட்டணத்தைக் கடிதம் வாங்குகிறவர் தலையில் கட்டிவிடவும் வழி இருந்தது. அந்த வருஷம்தான் அனுப்புகிறவரே முன்கூட்டிக் கட்ட வேண்டும் என்று ஆக்கினார்கள்.

சின்ன ஊர்த் தபால் நிலையங்களில் முத்திரைக் கட்டை கிடையாது. போஸ்ட்மாஸ்டரே பேனாவால் ஊர்ப் பேரையும் தேதியையும் எழுதித் தலைமேல் ஒரு கோடு இழுத்துவிடுவார். கட்டை இருந்த இடங்களிலும் பல முத்திரைகளில் மாதமும் நாளும் இருக்கும், வருஷம் இருக்காது. ஆகவே வருஷத்தைக் கண்டுபிடிக்கிறதே ஒரு துப்பறியும் வேலை. கட்டணம் எவ்வளவு, எந்தத் தலை, அந்த ஊர்த் தபால் நிலையம் எப்போது திறந்தது, எப்போது மூடியது என்று எல்லாவற்றையும் ஒத்துப் பார்ப்பார்கள். மூடிப்போன நிலையத்தை 'இறந்துபோன தபால் நிலையம்' என்றே சொல்கிறார்கள். அதன் முத்திரைக்குக் கிராக்கி அதிகம்.

நெப்ராஸ்கா 1854 முதல் 1867 வரை, கொலராடோ 1861 முதல் 1876 வரை, டகோட்டா 1861 முதல் 1889 வரை 'ஆட்சிப்பகுதி'களாக இருந்தன. அதாவது இன்னும் மாநிலம் ஆகாத நிலம். அந்தக் காலத்து முத்திரைகளை மட்டுமே தேடித் திரிகிறவர்கள் இருக்கிறார்கள். இதைத்தான் 'எல்லைப்புறக் காலம்' என்கிறது அமெரிக்க வரலாறு. 1890ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்போடு இனி எல்லைக்கோடு என்று ஒன்றைக் காட்ட முடியாது என்று அறிவித்தார்கள். 1893இல் பிரடெரிக் ஜாக்சன் டர்னர் என்ற வரலாற்றாசிரியர் சிகாகோவில் ஒரு கட்டுரை வாசித்தார். அமெரிக்க மனிதனை உருவாக்கியதே இந்த எல்லைப்புறம்தான் என்பது அதன் சாரம்.

எல்லை யாருக்கு? கிழக்கே இருந்து துப்பாக்கியோடு வந்தவனுக்கு அது எல்லை. அங்கேயே பிறந்து அங்கேயே செத்தவனுக்கு அது ஊர். நம் பாடப்புத்தகத்தில் 'செவ்விந்தியர்' என்று ஒற்றை வரியில் முடித்துவிட்ட பூர்வகுடி மக்கள் அவர்கள். கலிபோர்னியாவில் மட்டும் 1846இல் சுமார் 1,50,000 பேராக இருந்தவர்கள் 1870இல் சுமார் 30,000 ஆனார்கள். நோய், பட்டினி, கொலை. அதே கலிபோர்னியாவுக்குத் தங்கம் தோண்டப் போனவர்கள் வீட்டுக்கு எழுதிய கடிதங்களின் கவர்கள்தான் இன்றைக்குச் சேகரிப்பாளர்களின் செல்வம்.

ஐந்து டாலர் கடிதமும் கந்தல் நண்பனும்

கலிபோர்னியாக் கடிதம் முதலில் கப்பலில் பனாமா சுற்றிப் போனது. 1858 செப்டம்பரில் பட்டர்ஃபீல்டு கம்பெனியின் கோச்சு வண்டிகள் தரைவழியே ஓடத் தொடங்கின. வருஷத்துக்கு 6,00,000 டாலர் அரசாங்க ஒப்பந்தம். சுமார் 2,800 மைல், 25 நாளுக்குள் போய்ச் சேர வேண்டும். அப்புறம் வந்தது சினிமாக்காரர்களும் கதைக்காரர்களும் இன்றுவரை விடாமல் பாடுகிற போனி எக்ஸ்பிரஸ். 1860 ஏப்ரல் 3இல் தொடங்கியது. மிசௌரியின் செயின்ட் ஜோசப்பிலிருந்து கலிபோர்னியாவின் சாக்ரமென்டோ வரை 1,900 மைலுக்கு மேல், பத்தே நாள். பத்துப் பதினைந்து மைலுக்கு ஒரு தரம் குதிரை மாற்றி, இளவட்டப் பையன்கள் ராத்திரி பகலாகப் பறந்தார்கள். அரை அவுன்ஸ் கடிதத்துக்கு ஐந்து டாலர். கூலியாளின் பல நாள் சம்பளம் அது. அதில் காதல் கடிதமா போகும்? வியாபாரக் கடிதமும் பத்திரிகைச் செய்தியும் போயின. 1861 அக்டோபரில் கடல் முதல் கடல் வரை தந்திக் கம்பி இணைந்ததும் குதிரை நின்றுபோனது. பதினெட்டு மாதத்துச் சமாச்சாரம். சுமார் 35,000 கடிதங்களைச் சுமந்த அந்தச் சேவையில் இன்று மிஞ்சியிருப்பவை சுமார் 250 கவர்கள்தான் என்று கணக்கெடுத்திருக்கிறார்கள். விலை ஏறாமல் என்ன செய்யும்.

அந்தச் சில நூறில் ஒரு கவர் உண்டு. 1860 ஜூலையில் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து புறப்பட்டது. நியூயார்க் வந்து சேர்ந்தது 1862இல். அதன்மேல் ஒரு குறிப்பு: 1860இல் இந்தியர்கள் திருடிய தபாலிலிருந்து மீட்கப்பட்டது. இந்த ஒரு வரிக்காகவே அதற்கு மவுசு. ஏலக்காரர்கள் இந்தக் கவரைச் சொல்லிச் சொல்லி மாய்கிறார்கள்.

திருடியது. இந்தச் சொல்லைக் கொஞ்சம் நிறுத்தி வைத்துப் பார்ப்போம்.

நெவாடாப் பக்கம் பிரமிட் ஏரியைச் சுற்றி வாழ்ந்தவர்கள் பையூட் மக்கள். பைன் கொட்டை அவர்களுக்குக் குளிர்காலச் சோறு. வெள்ளி தோண்ட வந்தவர்கள் அந்த மரங்களை வெட்டி எரித்தார்கள். புல்வெளியில் மாட்டை விட்டார்கள். 1860 மே மாதம் வில்லியம்ஸ் நிலையம் என்ற இடத்தில், கடையும் சாராயமும் குதிரை மாற்றுகிற கொட்டடியும் சேர்ந்த இடம் அது, இரண்டு பையூட் சிறுமிகளைப் பிடித்து அடைத்து வைத்தார்கள். பெண்களைப் பெற்றவர்கள் சும்மா இருப்பார்களா? மே 7இல் வந்து சிறுமிகளை மீட்டு, அங்கிருந்தவர்களைக் கொன்று, நிலையத்தைக் கொளுத்தினார்கள். பழிவாங்கக் கிளம்பிய வெள்ளையர் படை மே 12இல் ஏரிக்கரையில் வசமாக மாட்டிக்கொண்டது. எழுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். பிறகு ராணுவம் வந்தது. குதிரைத் தபால் சில வாரம் நின்றது. தபால் வரலாற்றுப் புத்தகங்களில் இது 'சேவைத் தடங்கல்'.

சிறுமிகளைத் திருடியதற்கு எந்தக் கவரின் மேலும் குறிப்பு கிடையாது.

இன்னொரு திருட்டையும் பார்க்கலாம். குதிரைத் தபாலை நடத்திய கம்பெனியின் முதலாளிகளில் ஒருவர் வில்லியம் ரஸ்ஸல். கம்பெனி கடனில் முங்கிக் கிடந்தது. வாஷிங்டனில் உள்துறை அலுவலகத்தில் கோடார்டு பெய்லி என்றொரு குமாஸ்தா. பூர்வகுடி மக்களுக்காக அரசாங்கம் பொறுப்பில் வைத்திருந்த அறக்கட்டளைப் பணத்தின் பத்திரங்கள் அந்த அலுவலகத்தில் இருந்தன. நிலத்தை எழுதி வாங்கிக்கொண்டு 'உங்கள் பணம் எங்களிடம் பத்திரமாக இருக்கும்' என்று சொல்லி வைத்திருந்த பணம். அதிலிருந்து 8,70,000 டாலர் மதிப்புள்ள பத்திரங்களை எடுத்து ரஸ்ஸலுக்குக் கொடுத்துவிட்டார் பெய்லி. 1860 டிசம்பரில் விஷயம் நாறியது. ரஸ்ஸல் கைதானார். ஆனால் தண்டனை ஏதுமில்லை, சட்டத்தின் சந்து வழியாக வெளியே வந்துவிட்டார். பூர்வகுடியின் நிலத்தின்மேல் குதிரை ஓட்டி, அந்தக் கடனுக்கு அவன் பணத்திலேயே கை வைத்து, கடைசியில் திருடன் என்ற பட்டத்தையும் அவனுக்கே சூட்டியிருக்கிறார்கள். நமக்கு இந்தக் கணக்கு புதுசா?

அதே பையூட் மக்களில் டிரக்கீ என்று ஒரு பெரியவர். வெள்ளையரை உடன்பிறந்தாராக நம்பியவர். 1846 வாக்கில் கலிபோர்னியாவை மெக்சிகோவிடமிருந்து பிடுங்கிய சண்டையில் ஃபிரெமோன்ட் என்ற அதிகாரிக்குத் துணைபோனார். 'இவர் நல்லவர், நடத்தையில் குறையில்லை' என்ற மாதிரி ஒரு கடிதம் கொடுத்தார்கள். பெரியவருக்கு எழுத்து தெரியாது. ஆனால் அந்தத் தாளைக் காட்டினால் வெள்ளைக்காரன் சிரிக்கிறான், சோறு போடுகிறான். தாள் பேசுகிறது என்று வியந்து, அதற்கு 'கந்தல் நண்பன்' என்று பேர் வைத்தார். கடைசிவரை பொக்கிஷமாக வைத்திருந்தார். 1860இல் இறந்துபோனார். அவருடைய மக்கள்மேல் படை வந்த அதே வருஷம். ஒரு கந்தல் நண்பனால் எத்தனை பேரைக் காப்பாற்ற முடியும்.

அவருடைய பேத்தி சாரா வின்னமக்கா. பேத்தி எழுத்தைக் கற்றுக்கொண்டார். 1870இல் அரசாங்க அதிகாரிக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுதினார். எங்களுக்கென்று நிரந்தர நிலம் வேண்டும், அதில் எவரும் அத்துமீறாத பாதுகாப்பு வேண்டும் என்று. அது அச்சேறியது, 1881இல் ஒரு புத்தகத்திலும் சேர்ந்தது. 1883இல் தன் மக்களின் கதையைத் தானே புத்தகமாக எழுதினார். டிரக்கீயின் தாள் பற்றியும் வில்லியம்ஸ் நிலையத்துச் சிறுமிகள் பற்றியும் அவர் எழுதி வைத்தார். தாத்தாவுக்குத் தாள் தந்தது வெள்ளைக்காரன். பேத்தி தாளை எடுத்துத் தானே எழுதினாள். இரண்டு தலைமுறையில் நடந்த மாற்றம் இதுதான்.

மூட்டையைத் தூக்கலாம், கடிதத்தைத் தொடாதே

எங்கள் ஊரில் தபால்காரர் சேரிக்குள் வரமாட்டார். ஊர் முனை டீக்கடையில் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். டீக்கடைக்காரர் பிரித்துப் படித்து, பெஞ்சில் இருக்கிறவனெல்லாம் கேட்டு ரசித்த பிறகு, "டேய், உங்க அப்பனுக்குக் கடுதாசி வந்திருக்கு பார்ரா" என்று குரல் வரும். இதை எந்தச் சட்டப் புத்தகமும் சொல்லவில்லை. சொல்லாமலே நடந்தது.

அமெரிக்காவில் சொல்லியே செய்தார்கள். 1802இல் அந்த நாட்டு நாடாளுமன்றம் சட்டம் போட்டது: சுதந்திரமான வெள்ளையரைத் தவிர வேறு எவரும் அரசாங்கத் தபாலைக் கொண்டுபோகக் கூடாது. அப்போது தபால்துறைத் தலைவர் கிடியன் கிரேஞ்சர். ஏன் இப்படி ஒரு சட்டம் வேண்டும் என்று ஜார்ஜியா மாநில செனட்டர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில் காரணம் சொல்கிறார். கறுப்பர்களுக்கு வேலை தெரியாது என்றா? இல்லை. நேர்மாறு. அவர்களில் கெட்டிக்காரர்கள்தான் தபால் வேலைக்கு வருகிறார்கள், அவர்கள் ஊர் ஊராகப் போகிறார்கள், பலரோடு பேசுகிறார்கள், மனிதனுடைய உரிமை தோலின் நிறத்தில் இல்லை என்று தெரிந்துகொள்வார்கள், தெரிந்ததை மற்றவர்களுக்கும் சொல்லிக்கொடுப்பார்கள், அதுதான் ஆபத்து என்கிறார். அந்த நேரம் ஹெய்ட்டித் தீவில் அடிமைகள் எழுந்து பிரெஞ்சு முதலாளிகளை விரட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பயம்.

ஆளும் கூட்டம் தன் வாயாலேயே இவ்வளவு தெளிவாக ஒப்புக்கொண்ட இடங்கள் வரலாற்றில் குறைவு. தகுதி இல்லை என்பதால் விலக்கவில்லை. தகுதி வந்துவிடும் என்பதால் விலக்கினார்கள்.

1825இல் சட்டத்தை இன்னும் இறுக்கினார்கள். 1828இல் ஒரு சலுகை: வண்டியிலிருந்து தபால் மூட்டையை இறக்கி நிலையத்துக்குள் கொண்டுபோகக் கறுப்புக் கூலிகளை வைத்துக்கொள்ளலாம், பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரன் நின்று பார்த்துக்கொள்ள வேண்டும். சுமை உனக்கு, செய்தி எனக்கு. மேற்குப் பாதைகளில் அரசாங்கத் தபால் ஒப்பந்தம் எடுத்த எல்லோரையும் இந்தச் சட்டம் கட்டியது. சார்லஸ் சம்னர் என்ற செனட்டர் இதை நீக்கச் சொல்லி 1862இல் மசோதா கொண்டுவந்தார். சட்டம் ஒழிந்தது 1865 மார்ச் 3இல்தான். அறுபத்து மூன்று வருஷம். அந்த அறுபத்து மூன்று வருஷக் கவர்களில் எதை எடுத்தாலும், கண்ணுக்குத் தெரியாத ஒரு முத்திரை அதன்மேல் இருக்கிறது: 'கறுப்பன் தொடாதது'.

சட்டம் ஒழிந்து முப்பது வருஷம் கழித்து, 1895இல், மொன்டானாவின் காஸ்கேட் என்ற ஊரில் ஒரு கறுப்புக் கிழவி தபால் ஒப்பந்தம் எடுத்தாள். மேரி ஃபீல்ட்ஸ். டென்னசியில் அடிமையாகப் பிறந்தவள். கன்னியாஸ்திரீகளின் மடத்தில் வேலை பார்த்து, ஆண்களோடு சண்டை போட்டாள் என்று பிஷப் உத்தரவில் வெளியேற்றப்பட்டவள். அறுபது வயதுக்கு மேல் வண்டி கட்டிக்கொண்டு, அதே மடம் வரைக்கும் தபால் கொண்டுபோனாள். பனி மூடி வண்டி போகாத நாளில் மூட்டையைத் தோளில் போட்டு நடந்தே போனாள். 1903 வரை எட்டு வருஷம். கிரேஞ்சர் பயந்தது சரிதான்.

இறந்துபோன தபால் நிலையம்

கன்சாஸில் கிரகாம் கவுண்டியில் நிக்கோடிமஸ் என்று ஒரு ஊர். 1877இல் கென்டக்கியிலிருந்து விடுதலையான கறுப்பு மக்கள் நூற்றுக்கணக்கில் வந்து உண்டாக்கியது. மரம் இல்லை, கல் இல்லை. வெறும் புல்வெளி. மண்ணைக் குடைந்து வளையில் எலி மாதிரி முதல் குளிர்காலத்தைக் கழித்தார்கள். அந்த வழியாக வேட்டை முடித்துத் திரும்பிய ஓசேஜ் பூர்வகுடிகள் இறைச்சி கொடுத்ததால்தான் பிழைத்தோம் என்று அந்த ஊரார் வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள்.

அந்த வருஷமே தபால் நிலையம் வந்துவிட்டது. போஸ்ட்மாஸ்டர் சக்கரி ஃபிளெட்சர், கறுப்பர். அவருடைய மனைவி ஜென்னி ஊரின் முதல் ஆசிரியை. புருஷன் கடிதம் கொடுக்கிறார், பொஞ்சாதி கடிதம் படிக்கக் கற்றுக்கொடுக்கிறாள். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்பு வரை கறுப்பன் தபால் கொண்டுபோவதே குற்றமாக இருந்த நாட்டில், கறுப்பன் கையால் குத்துகிற முத்திரை. 'நிக்கோடிமஸ்' என்ற ஊர்ப்பெயர் கவரின் மேல் ஏறுகிறபோது, ஆம், இப்படி ஒரு ஊர் இருக்கிறது, இங்கே முகவரியோடு மனிதர்கள் வாழ்கிறார்கள் என்று அரசாங்கமே கையெழுத்துப் போடுகிற மாதிரி.

அடிமைக்கு முகவரி கிடையாது என்பதை மறந்துவிடக்கூடாது. 'இன்னார் எஜமான் மூலம்' என்பதுதான் அவன் விலாசம்.

1888இல் ரயில் பாதை அந்த ஊரைத் தொடாமல் போய்விட்டது. கடைகள் போயின, ஜனங்கள் போனார்கள். 1953இல் தபால் நிலையத்தை மூடிவிட்டார்கள். சேகரிப்பாளர் மொழியில் 'இறந்துபோன தபால் நிலையம்'. ஆனால் ஊர் சாகவில்லை. 1996இல் அதைத் தேசிய வரலாற்றுத் தலமாக அறிவித்தார்கள். வருஷா வருஷம் அந்த ஊர் வாரிசுகள் கூடுகிறார்கள்.

ஐ.டி. என்ற இரண்டெழுத்து

இன்னொரு வகை முத்திரையைத் தேடி அலைகிறார்கள். ஊர்ப் பேருக்குப் பக்கத்தில் 'ஐ.டி.' என்றிருக்கும். இந்தியன் டெரிடரி, பூர்வகுடிகளுக்கென்று ஒதுக்கிய பகுதி. 1907 நவம்பரில் ஒக்லஹோமா மாநிலம் பிறந்ததும் அந்த முத்திரை அழிந்தது. 1838-39இல் செரோக்கி மக்களைக் கிழக்கிலிருந்து ராணுவம் வைத்து ஓட்டிவந்து விட்ட இடம் அது. சுமார் 16,000 பேரில் சுமார் 4,000 பேர் அந்த நடையில் செத்தார்கள்.

செரோக்கிகளுக்குச் சொந்த எழுத்து உண்டு. செகோயா என்பவர், ஆங்கிலம் படிக்கத் தெரியாதவர், 1821இல் தம் மொழிக்குத் தாமே எழுத்து செய்தார். ஆர்கன்சாவில் இருந்த செரோக்கிகள் சொன்ன செய்தியைத் தாளில் எழுதிக் கிழக்கே கொண்டுவந்து படித்துக் காட்டித்தான் தம் ஜனத்தை நம்பவைத்தார் என்பார்கள். அதாவது அந்த எழுத்து பரவியதே ஒரு கடிதத்தால்.

ஆனால் இங்கே நாம் கண்ணை மூடிக்கொள்ளக் கூடாத ஒன்றும் இருக்கிறது. செரோக்கிகளில், சோக்டாக்களில் வசதியானவர்கள் கறுப்பு அடிமைகளை வைத்திருந்தார்கள். கண்ணீரோடு ஓட்டப்பட்டபோதும் அடிமைகளைக் கூடவே ஓட்டி வந்தார்கள். 1866 ஒப்பந்தத்துக்குப் பிறகும் அந்தக் கறுப்பர்களின் வம்சம் குடியுரிமைக்காகப் பல தலைமுறை வழக்காட வேண்டியிருந்தது. மிதிபட்டவன் தனக்குக் கீழே மிதிக்க ஒருத்தனைத் தேடுகிறான். படிநிலைச் சமத்துவமின்மை என்று அண்ணல் சொன்னதை, கடல் தாண்டியும் கவரின் மேல் படிக்க முடிகிறது.

சிறையில் கற்ற எழுத்து

1862இல் மின்னசோட்டாவில் டகோட்டா மக்கள் பசி தாளாமல் எழுந்தார்கள். ஒப்பந்தப்படி வரவேண்டிய பணம் வரவில்லை, கடைக்காரன் கடன் தரவில்லை. தோற்றார்கள். 303 பேருக்கு மரண தண்டனை. லிங்கன் பட்டியலைக் குறைத்தார். டிசம்பர் 26இல் மான்கேட்டோ நகரில் 38 பேரை ஒரே மேடையில் தூக்கிலிட்டார்கள். ஆறு நாள் கழித்து 1863 ஜனவரி 1இல் அதே லிங்கன் அடிமை விடுதலைப் பிரகடனத்தில் கையெழுத்துப் போட்டார். ஒரே கை.

தூக்குக்குத் தப்பியவர்களை அயோவாவின் டேவன்போர்ட்டில் அடைத்தார்கள். 1866 வரை. கைதிகள் அங்கே சும்மா இருக்கவில்லை. தங்கள் மொழியில் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டு கடிதம் எழுதத் தொடங்கினார்கள். பெண்டாட்டி பிள்ளை உயிரோடு இருக்கிறார்களா என்று விசாரித்தார்கள். தங்கள் வழக்கைச் சொன்னார்கள். பாதிரியார் ஒருவருக்கு வந்த அந்தக் கடிதங்கள் அவருடைய காகிதக் கட்டில் நூறு வருஷத்துக்கு மேல் கிடந்தன. டகோட்டா மக்களைச் சேர்ந்த கிளிஃபர்ட் கான்குவும் மைக்கேல் சைமனும் 50 கடிதங்களை வரி வரியாக மொழிபெயர்த்து 2013இல் புத்தகமாக்கினார்கள். பேரப்பிள்ளைகள் கையில்தான் அந்தக் கடிதங்கள் கடைசியாகப் போய்ச் சேர்ந்தன. நூற்றைம்பது வருஷத் தாமதம். ஏலப் பட்டியலில் இந்தத் தாமதத்துக்கு விலை போட்டிருக்கிறார்களா என்று தேடினேன். காணோம்.

நம் பெட்டியில் என்ன இருக்கிறது

சேகரிப்பாளர்களைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. குப்பைக்குப் போக இருந்ததைக் காப்பாற்றி, முத்திரை முத்திரையாக ஆராய்ந்து வைத்தவர்கள் அவர்கள்தான். அவர்களில்லாமல் மேலே சொன்னவற்றில் பாதியை நான் எழுதியிருக்க முடியாது. ஆனால் ஒன்று. எது அபூர்வமோ அதற்குத்தான் விலை என்கிறார்கள். அபூர்வம் தானாக வருவதில்லை. எழுதக் கூடாது, சுமக்கக் கூடாது, முகவரி கூடாது என்று தடுக்கப்பட்டவர்களின் கடிதம் எப்படி ஏராளமாக இருக்கும்? நம்முடையதும் அப்படித்தான்.

கடிதம் நமக்குச் சின்ன விஷயமில்லை. அமெரிக்க அடிமை விடுதலையைப் பார்த்துத்தான் ஜோதிராவ் புலே தம் 'குலாம்கிரி'யை 1873இல் அந்த நாட்டு மக்களுக்குக் காணிக்கை ஆக்கினார். 1946இல் அம்பேத்கர் டுபோய்ஸுக்குக் கடிதம் எழுதினார். கறுப்பின மக்கள் ஐ.நா. சபைக்குக் கொடுத்த மனுவின் பிரதி வேண்டும் என்று. டுபோய்ஸ் ஜூலை 31ஆம் தேதியிட்டுப் பதில் போட்டார். அந்தக் கடிதங்கள் இன்று நம் கண்ணுக்குக் கிடைப்பது எதனால்? டுபோய்ஸ் தமக்கு வந்த காகிதங்களை எறியவில்லை. மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகம் அவற்றைக் காப்பாற்றி வைத்திருக்கிறது.

அப்பத்தா போய்ச் சேர்ந்த பிறகு அந்த டிரங்குப் பெட்டி என்னிடம் வந்தது. ஏலப் பட்டியலைப் பார்த்துக் கற்ற பாடத்தில், கவரை வெயிலில் பிடித்து அங்குலம் அங்குலமாகப் பார்த்தேன். முகவரி யாரோ கணக்குப்பிள்ளை எழுதிய கையெழுத்து. தாத்தா பேர், ஊர்ப் பேர், கடைசியில் 'சேரி'. அந்தச் 'சேரி' என்ற சொல்லுக்கு அடியில் மட்டும் சிவப்புப் பென்சிலில் ஒரு கோடு. மை வேறு, கை வேறு. அப்பாவிடம் காட்டினேன். "அதுவா, சேரிக்கு வர்ற காயிதத்துக்கு அப்படித்தான் கோடு போட்டுத் தனியா வைப்பாங்க. டீக்கடையில குடுக்கிறதுக்கு" என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார்.

கடிதத்தில் என்ன எழுதியிருந்ததோ, இனி தெரியப் போவதில்லை. அந்தக் கோடு இருக்கிறது.

தோழர்களே, வீட்டில் பழைய கவர் கிடந்தால் எறியாதீர்கள். தபால்தலைக்காகக் கிழிக்காதீர்கள். முத்திரையை வெட்டாதீர்கள். கவரின்மேல் எதையும் எழுதவும் வேண்டாம். தனியாக ஒரு சீட்டில் யார் எழுதினது, யாருக்கு வந்தது, எந்தத் தோட்டம், எந்த மில், எந்தச் சிறை என்று பெரியவர்களைக் கேட்டு எழுதிக் கூடவே வையுங்கள். கேட்கிறதற்கு ஆள் இருக்கும்போதே கேளுங்கள். நான் அப்பத்தாவைக் கேட்கவில்லை.